ஒன்றரைப் பவுன் குண்டு

செப்டம்பர் 9, சனி

வேட்டைக்குப் போகிறவன் குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்று டேல் சொன்னார். என்ன குண்டு, எத்தனை கஜம், காற்று எந்தப் பக்கம், பட்டதா, இல்லையா. ஆகவே இது வேட்டைக் குறிப்பு. வீட்டு விஷயங்கள் இதில் வராது.

டேல் என்பவர் வெஸ்லியின் அப்பா. வெஸ்லி என்பவன் கயலைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன். கயல் என் மகள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

காலையில் டேல் மலையடிவாரத்துப் பண்ணையிலிருந்து பில்லிங்ஸ் வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு மணியை அடித்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேசுவது மொண்டானா இங்கிலீஷ். நான் எழுதும்போது அது காங்கேயம் தமிழாகத்தான் வருகிறது. ஆளும் அப்படித்தான். மாடு வளர்க்கிறவர்.

"நாச், எங்க வீட்டுல ஒரு வழக்கமுங்க. கல்யாணம்னா ரெண்டு அப்பனும் சேந்து மலைக்குப் போய் ஒரு எல்க் அடிச்சுட்டு வரோணும். அந்தக் கறியிலதான் விருந்து. எங்கப்பனும் பெவர்லியோட அப்பனும் அப்படித்தான் போனாங்க. நீங்க வர்றீங்களா?"

பெவர்லி அவர் மனைவி. என் பெயர் நாச்சிமுத்து. முழுசாகச் சொல்ல அவருக்கு வாய் வராது, நாச் என்று நிறுத்திவிடுவார்.

நான் இந்தக் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்து வெகு நாளாகிறது. டேலுக்கும் அது தெரியாமல் இருக்காது. ஆனால் வீடு தேடி வந்து கூப்பிட்டவனிடம் முடியாது என்று சொல்கிற பழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. பங்காளிச் சண்டையில் வெட்டிக்கொண்டவன் வந்து கூப்பிட்டாலும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவோம். சரி என்றேன். வேட்டைக்கு மட்டும் சரி. அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

என் மனைவி சாந்தாமணி முறுக்குத் தட்டை டேல் பக்கம் நகர்த்தினாள். அவர் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. இதையும் டேலிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

எனக்கு வேலை பாலங்களைச் சோதிப்பது. போன வருஷம் ஓய்வு பெற்றேன். எந்த விஷயத்தையும் படிக்காமல் கையில் எடுக்க மாட்டேன். நூலகத்திலிருந்து நான்கு புத்தகங்கள் எடுத்து வந்தேன். படித்ததில் தெரிந்துகொண்டது:

தோட்டா என்பது பித்தளைக் கூடு. அதன் முனையில் உட்கார்ந்திருப்பதுதான் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும். அதன் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்கிறார்கள். மானுக்கு நூற்றைம்பது போதும். எல்க்குக்கு நூற்றெண்பது வேண்டும். எல்க் என்பது மான் சாதிதான், ஆனால் காங்கேயம் காளையில் முக்கால்வாசி எடை வரும். கிரெயின் என்றால் பிடிபடவில்லை, பவுன் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். மான் குண்டு ஒன்றேகால் பவுன். எல்க் குண்டு ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.

சாந்தாமணியிடம் சொன்னேன்.

"ஒன்றரைப் பவுனா? அதைக் கொண்டுபோயி மிருகத்து மேல எறியாட்டி என்ன? பெத்த புள்ளை கழுத்துல போடறது."

"அது ஈயமும் செம்பும்."

"எனக்கென்ன தெரியும், பவுனுன்னீங்க."

அவளுக்கு நன்றாகத் தெரியும்.

செப்டம்பர் 17, ஞாயிறு

சாயங்காலம் கயல் போன் பண்ணினாள். சாந்தாமணி பேசினாள். நான் பக்கத்து அறையில் குண்டின் முனையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். முனை மழுங்கலாக இருந்தால் காற்றில் வேகம் குறையும். கூர்மையாக இருந்தால் தூரம் போகும். கல்யாணம் கார்த்திகை முதல் முகூர்த்தம். கல்யாணச் சாப்பாடு சைவம், மறுநாள் டேல் பண்ணையில் கறி விருந்து. சாந்தாமணி அப்படிப் பேசி முடித்திருக்கிறாள். புடவை காஞ்சிபுரத்திலிருந்து வருகிறது, அரக்கு நிறம். கதவு சாத்தியிருந்தாலும் இந்த வீட்டில் எல்லாம் கேட்கிறது.

போன ஆடியில் கயல் வந்து விஷயத்தைச் சொன்ன அன்று நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. இது வீட்டு விஷயம். அடித்துவிட வேண்டும். பேனாவில் எழுதித் தொலைத்துவிட்டேன்.

செப்டம்பர் 23, சனி

வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். என் வயதுக்காரனுக்கு அது கட்டாயமில்லை. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பன்னிரண்டு வயது. எனக்குத்தான் முதல் மதிப்பெண்.

மதியம் டேல் தன் அப்பாவின் ரைஃபிளை எனக்குக் கொடுத்தார். தர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்று அதற்குப் பெயர். டேல் வைத்திருப்பதும் அதே ரகம்தான். இருவர் தோட்டாவும் இருவர் துப்பாக்கிக்கும் சேரும். பண்ணைக்குப் பின்னால் மண் மேட்டில் காகிதம் ஒட்டிச் சுடச் சொன்னார். முதல் குண்டு எங்கே போனது என்று இருவருக்கும் தெரியவில்லை. தோள் ரத்தம் கட்டிவிட்டது.

"எப்ப கடைசியா சுட்டீங்க, நாச்?"

"இப்பத்தான்" என்றேன்.

டேல் சிரிக்கவில்லை. ரைஃபிளை வாங்கி, கட்டையைத் தோளில் எப்படி அழுத்துவது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று முதலிலிருந்து காட்டினார். இருட்டும்போது குண்டுகள் எல்லாம் காகிதத்தில் விழுந்தன. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அதைக் காட்டிக்கொள்ளாமல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

இன்றும் பயிற்சி. வேலி மேல் சாய்ந்துகொண்டு குண்டு பற்றி டேலிடம் கேட்டேன். மான் குண்டாலேயே எல்க்கை அடித்தால் என்ன? சாகாதா?

"சாகும். விலாவுல பட்டா நல்லாவே சாகும். தோள் எலும்புல பட்டுச்சுன்னா வந்துது வினை. மான் குண்டு பட்ட வேகத்துல விரிஞ்சுரும். பெரிய எலும்புல அது அங்கயே செதறிப் போகும், உள்ள போகாது. மேலுக்குப் பெரிய காயம், உசுரு போகாது. அதோட நாள் கணக்கா நடக்கும். எல்க் குண்டு அப்படி இல்லீங்க, உடையாம உள்ள போற மாதிரி கட்டியிருப்பான்."

பிறகு மாடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வலியை மட்டும் குடுத்துட்டு உட்டுறக் கூடாது, நாச். அதுக்கு அடிக்காமயே இருக்கலாம்."

இதைச் சாப்பிடும்போது சாந்தாமணியிடம் சொன்னேன். அவள் ரசக் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 4, புதன்

காங்கேயத்திலிருந்து சாந்தாமணியின் தம்பி தண்டபாணி போன் பண்ணினான். அவனுக்குக் குண்டு பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீபாவளி துப்பாக்கிதான் மாமா. குண்டு எதுவா இருந்தா என்ன, அடிக்கிறவன் கை நடுங்காம இருந்தாச் சரி. அது கெடக்கட்டும், கல்யாணத்துக்கு நான் டிக்கெட் போட்டுட்டனுங்க. முகூர்த்தத்துல நீங்க இருப்பீங்கல்லோ?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 7, சனி

குண்டு முடிவாகிவிட்டது. நூற்றெண்பது கிரெயின். உள்ளே ஈயம், மேலே செம்பு உறை, இரண்டும் ஒன்றோடொன்று உருக்கி ஒட்டப்பட்டவை. எலும்பில் பட்டாலும் பிரியாது. ஒரு பெட்டி காகிதத்துக்கு, ஒரு பெட்டி மலைக்கு. துப்பாக்கியின் குறியை இந்தக் குண்டுக்கே சரி செய்தோம், வேறு எடை போட்டால் விழுகிற இடம் மாறும். கடைக்காரர் இது கல்லையே துளைக்கும் என்றார். கல்லுக்கு எதற்கு என்று கேட்டேன், பில்லை நீட்டினார்.

எல்க் உரிமம் என் பெயரில். டேல் இந்த வருஷம் மான் உரிமம்தான் வாங்கியிருக்கிறார். ஆகவே எல்க்கை நான்தான் அடித்தாக வேண்டும். இங்கே ஒருவன் உரிமத்துக்கு இன்னொருவன் சுடக் கூடாது. விருந்தே என் கையில் இருக்கிறது என்று சாந்தாமணி நான்கு பேரிடம் போனில் சொல்லிவிட்டாள். அந்த நால்வரில் கயலும் ஒருத்தி. கயல் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. சாந்தாமணியாகவும் சொல்லவில்லை. இது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 15, ஞாயிறு

நவராத்திரி ஆரம்பம். வேட்டைக் காலம் வருகிற சனிக்கிழமை திறக்கிறது. டேல் சனி விடிகாலையே கிளம்ப வேண்டும் என்கிறார்.

சாந்தாமணி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "திங்கக்கிழமை ஆயுத பூசை. கத்தி, சுத்தி, காரு எல்லாம் சாமிகிட்ட வெக்கறோம், துப்பாக்கியை மட்டும் உட்டுருவாங்களா? கும்புடாத ஆயுதத்தை எடுத்துட்டு மலையேறினா நான் ஒத்துக்க மாட்டேன். விசயதசமியன்னைக்கு எடுத்துட்டுப் போங்க, ஆரு வேண்டாங்கறா?"

வேட்டை திறக்கிற நாளில் டேல் ஒரு வருஷம் கூட வீட்டில் இருந்ததில்லை. தயங்கித் தயங்கிப் போனில் சொன்னேன்.

"அம்மா சொன்னாச் சரிதானுங்க" என்றார். "நாங்களும் பூசைக்கு வரலாமுங்களா?"

அக்டோபர் 21, சனி

வேட்டை திறந்தது. நான் புல் வெட்டினேன்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூசை

சாமி அலமாரிக்கு முன்னால் வைத்தவை: அரிவாள்மனை, தையல் மெஷின், என் பாலம் சோதிக்கும் சுத்தியல், கார் சாவி, ரைஃபிள், ஒரு பெட்டி தோட்டா. சாந்தாமணி சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்து ரைஃபிள் கட்டையில் மூன்று இடத்தில் வைத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒன்றையும் விடவில்லை. விட்டால் அது மட்டும் கோபித்துக்கொள்ளுமாம்.

டேல், பெவர்லி, வெஸ்லி மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். டேல் இடுப்பிலிருந்த தோல் உரிக்கும் கத்தியை எடுத்து அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கும் பொட்டு. பொரியையும் கடலையையும் வெல்லத்தோடு கலந்து கொடுத்தாள், மூவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். டேல் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டார். இதைச் சாந்தாமணிதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

வெளியே அவர்கள் வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. குளிர் அதிகம், ஹீட்டருக்காக இருக்கும். பெட்ரோல் வீண். பெவர்லி ஒரு தட்டில் பொரி எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். சாந்தாமணி திருநீறு எடுத்துப் போனாள். திரும்பி வந்ததும் நேராகப் போய் முகம் கழுவினாள். நான் ஜன்னல் திரையைச் சரி செய்தேன். அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகு சாந்தாமணி பாத்திரத்தை உருட்டிக்கொண்டே பேசினாள்.

"'இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னு சொன்னீங்க. நீங்க சொன்ன சொல்லைத்தானுங்க அவ காப்பாத்திட்டுக் கெடக்கறா. வெள்ளைக்காரங்க மூணு பேரு உள்ள உக்காந்து பொரி திங்கறாங்க, நான் பெத்தது வெளிய காருக்குள்ள. அவ புடிவாதம் ஆரு புடிவாதம்? எங்க வீட்டுப் பக்கம் ஒருத்தருக்கும் இல்லீங்க இது."

பொரியில் வெல்லம் கூடிவிட்டது.

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி

டேல் வீட்டு அடுப்படி மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பது டேலின் விதி.

விடியும் முன்பே மலையேறினோம். சட்டப்படி இருவருக்கும் ஆரஞ்சு நிற மேல்சட்டை. காற்று மேற்கிலிருந்து. வெளிச்சம் வந்ததும் மரங்களுக்கு நடுவிலிருந்து ஓர் ஆண் எல்க் புல்வெளிக்கு வந்தது. நூற்றைம்பது கஜம் இருக்கும். கொம்பு முருங்கை மரம் மாதிரி கிளை விட்டிருந்தது.

தோட்டாவை உள்ளே தள்ளினேன். துப்பாக்கியின் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே அடைத்து மூடுகிற தாழ், பாதிக்கு மேல் போகவில்லை. வெளியே எடுத்து இன்னொன்று போட்டேன். அதுவும் போகவில்லை. பார்த்தால் சந்தனம். காய்ந்து கல்லாகத் தோட்டாக் கூடு குறுகுகிற இடத்தில் மேடு கட்டியிருந்தது. வீட்டுக்குள் துப்பாக்கியில் தோட்டா போட்டுப் பார்க்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள், ஆகவே பார்க்கவில்லை. மலையில் போடும்போது பொட்டு கண்ணில் பட்டது. சாமிக்கு வைத்த பொட்டை அழிக்க மனது வரவில்லை. அப்படியே போட்டேன். நகத்தால் சுரண்டினேன், குங்குமம்தான் போனது.

எல்க் தலையைத் தூக்கிவிட்டது. டேல் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து என் கையில் வைத்தார். அவருடைய மான் தோட்டா. அது பூசைக்கு வரவில்லை, சுத்தமாக இருந்தது.

"இது மானுக்கு" என்றேன், மெதுவாக.

"இந்தத் தூரத்துக்குப் போதும். அடிங்க, போயிரும்."

எனக்குத் தெரியும். நான்கு புத்தகம் படித்தவன். எல்க் எனக்கு நேராகப் பக்கவாட்டில் நிற்கவில்லை, தோள் முன்னால் இருந்தது. குறியும் அந்தக் குண்டுக்கு வைத்ததில்லை. தெரிந்தும் அடித்தேன். விருந்து என்று நினைத்தேனா, சாந்தாமணி நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேனா, ஞாபகமில்லை.

தோளில் பட்டது. முன்னங்காலை மடக்கித் தடுமாறி, எழுந்து, மூன்று காலில் மரங்களுக்குள் ஓடிவிட்டது.

பொழுது சாயும் வரைக்கும் தேடினோம். புல்லில் ஒரு துளி, பிறகு நூறு அடிக்கு ஒன்றுமில்லை, பிறகு கல்லில் ஒரு துளி. இருட்டியதும் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. டேல் வழி முழுக்க ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "நாந்தான் சொன்னேன். நான் சொல்லியிருக்கக் கூடாது." நான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. என்னை யாராவது சமாதானப்படுத்தினால் தேவலை என்று இருந்தது.

பெவர்லி கொடுத்த ஈரத் துணியால் தோட்டாக்களைத் துடைத்தேன். சாமி மன்னிக்கட்டும். அடிபட்ட எல்க் அந்த இருட்டில் எங்கேயோ மூன்று காலில் நின்றுகொண்டிருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 25, புதன்

காலையில் தேட இன்னும் ஆள் வேண்டும் என்று டேல் வெஸ்லியைக் கூப்பிட்டிருந்தார். வெஸ்லி வந்தான். கயலும் வந்தாள். ஆரஞ்சு மேல்சட்டை, தலையில் ஆரஞ்சுக் குல்லாய். கயலை யார் கூப்பிட்டது என்று டேலைப் பார்த்தேன். அவர் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

நால்வரும் இடைவெளி விட்டு வரிசையாக நடந்தோம். டேல் ஓர் ஓரம், வெஸ்லி இன்னோர் ஓரம், நடுவில் நானும் அவளும். இப்படி நிறுத்தியதும் டேல்தான். தரையை மட்டும் பார்த்து நடக்க வேண்டும் என்பது விதி. நான் தரையைத்தான் பார்த்தேன். அவள் மெலிந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் நடந்திருப்போம். ஓடைக்கு இறங்குகிற சரிவில் அவள் காலடிக்குச் சற்று முன்னால் ஒரு தட்டைக் கல்லில் சிவப்பாகப் பார்த்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை, காலைத் தூக்கிவிட்டாள்.

"அம்மிணி, அங்கயே நில்லு. ரத்தத்தை மிதிச்சுராத."

செல்லமாகக் கூப்பிடுகிற பழைய சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு காலைப் பின்னால் வைத்தாள்.

"எங்கங்கப்பா?"

"உனக்கு முன்னாடி. கல்லு மேல."

குனிந்து உட்கார்ந்து விரல் நுனியால் தொட்டாள். "இன்னும் காயலைங்கப்பா. காலைலதான் இந்தப் பக்கம் போயிருக்குது. கிட்டத்துலதான் இருக்கோணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருசமா வெஸ்லி கூட வர்றனுங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அவள் துளியைக் கண்டால் கையை நீட்டினாள், நான் கண்டால் நான் நீட்டினேன். ஓடைக்கரைப் புதருக்குள் அது படுத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. எழ முயன்றது, முடியவில்லை. எங்களைப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, கை உதறியது.

உரிமம் என்னுடையது, வேறு யாரும் சுட முடியாது. துடைத்த தோட்டா ஒன்றைப் போட்டேன். போல்ட் மூடியது. கயல் என் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மூச்சை நிறுத்தி விலாவில் அடித்தேன். தலை சாய்ந்தது. உடனே முடிந்துவிட்டது.

டேல் தொப்பியைக் கழற்றினார். வெஸ்லியும் கழற்றினான். நான் புல்லில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

தோலை உரிக்கும்போது டேல் முந்தாநாள் பொட்டு வைத்த கத்தியால் தோளைத் திறந்து காட்டினார். மான் குண்டு எலும்பில் பட்டுத் தூள் தூளாகக் கிடந்தது. ஒரு விரல்கடை ஆழம் கூடப் போகவில்லை. ஆனால் தோள் முழுவதும் கறுத்து, ரத்தம் கட்டி, அந்தப் பக்கக் கறி அத்தனையும் வீண். டேல் அதை வெட்டி ஒதுக்கினார். கயல் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பான குண்டு, அம்மிணி. தெரிஞ்சே அடிச்சுட்டேன். அடிச்சிருக்கக் கூடாது."

"தெரியுமுங்கப்பா" என்றாள்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். எல்க்குக்காக என்று நினைக்கிறேன்.

கறியைத் துண்டு போட்டுக் கீழே கொண்டு வர மாலையாகிவிட்டது. விருந்துக்கு வேண்டியது டேல் வீட்டு ஃப்ரீசரில். ஒரு பெரிய ஐஸ் பெட்டி நிறையச் சாந்தாமணிக்கு. அதை வெஸ்லியின் வண்டியில் ஏற்றிக்கொண்டு மூவரும் பில்லிங்ஸ் வந்தோம். வழியில் கயல் தண்டபாணி மாமா எந்த விமானத்தில் வருகிறார் என்று சொன்னாள், எங்கே மாறுகிறார் என்று சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க வருவீங்களாப்பா?"

"அத்தனை பேரு பந்தியில உக்காருவாங்க. கறி போதுமா, சோறு போதுமான்னு விசாரிக்கப் பொண்ணோட அப்பன் நிக்காம வேற எவன் நிப்பான்? உங்க மாமன் தண்டபாணியா? அவன் பாட்டுக்கு மொதப் பந்தியிலயே உக்காந்துக்குவான்."

வெஸ்லிக்குத் தமிழ் தெரியாது. அவள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான். பையன் நல்ல பையன்தான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. வெஸ்லி பெட்டியைத் தூக்க இறங்கினான். நான் வேண்டாம் என்று கையைக் காட்டி, ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கயல் இறங்கி இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள். படியேறினோம். சாந்தாமணி கதவைத் திறந்துவிட்டு, கையை வாயில் வைத்தபடி ஒதுங்கி நின்றாள்.

வாசப்படியில் கயல் நின்றுவிட்டாள். பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கியது. எனக்கு ஒரு கால் உள்ளே, அவளுக்கு இரண்டு காலும் வெளியே. பெட்டியைக் கீழே வைக்கப் பார்த்தாள்.

"நான் இங்கயே இருக்கறனுங்கப்பா. நீங்களும் அம்மாவும் உள்ள இழுத்துக்குங்க."

"அம்மாளுக்கு இடுப்பு வலி. என் ஒருத்தனால ஆகாது" என்றேன். "எத்தனை நேரம் இப்படியே புடிச்சுட்டு நிக்கறது? கை வலிக்குது, அம்மிணி. உள்ள வா."

வந்தாள்.